கிறிஸ்துமஸ் குக்கி சொதப்புகிறதா? அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடியுங்கள்

நட்சத்திரமாக வெட்டி ஓவனில் வைத்தது வட்டமாக வெளியே வந்தால் எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது ரெசிபியைத்தான். உடனே இன்னொரு ரெசிபி தேடி, அதையும் செய்து, அதுவும் அதே மாதிரி பரவி, கடைசியில் நமக்கெல்லாம் பேக்கிங் வராது என்று ட்ரேயைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுகிறார்கள். ரெசிபியில் பெரும்பாலும் தப்பே இருக்காது. அது குளிர் நாட்டுச் சமையலறையை மனதில் வைத்து எழுதியது. அங்கே டிசம்பரில் வீட்டுக்குள் 20 டிகிரி செல்சியஸ் இருக்கும், ஹீட்டர் ஓடுவதால் காற்று வறண்டிருக்கும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் நாகர்கோவிலிலும் அதே டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை முடிந்தும் முடியாமலும் இருக்கும், அடுப்பு எரியும் சமையலறை 28, 30 டிகிரியில் நிற்கும், உப்பு டப்பாவைத் திறந்தால் உப்பே ஈரமாக இருக்கும். சூடு வெண்ணெயைக் கெடுக்கும், ஈரம் ஐசிங்கைக் கெடுக்கும். கீழே வரும் கோளாறுகளில் முக்கால்வாசி இந்த இரண்டில் ஒன்றில்தான் போய் முடியும்.

நான் மனதில் வைத்திருப்பது கட்டரால் வெட்டி மேலே ராயல் ஐசிங்கில், அதாவது காய்ந்தால் கெட்டியாக இறுகும் சர்க்கரைப் பூச்சில், படம் போடும் சாதாரண சுகர் குக்கி. மைதா 300 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150 கிராம், பொடித்த சர்க்கரை 150 கிராம், ஒரு முட்டை, கால் டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் வெனிலா. மைதா எடையில் பாதி வெண்ணெய், பாதி சர்க்கரை என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். முட்டை வேண்டாம் என்றால் இரண்டு மூன்று டேபிள்ஸ்பூன் பால். உங்கள் ரெசிபி இதிலிருந்து கொஞ்சம் மாறினாலும் கோளாறுகள் இவைதான்.

தயவுசெய்து ஒரு பழக்கத்தை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ட்ரே முழுவதையும் அடுக்கும் முன் ஒரே ஒரு குக்கியை மட்டும் வேகவைத்துப் பாருங்கள். மாவு, ஓவன், நேரம் மூன்றும் எப்படி இருக்கின்றன என்று அந்த ஒன்றே சொல்லிவிடும், மீதி மாவு தப்பிக்கும்.

வெட்டிய வடிவம் ஓவனில் கலைந்து பரவுகிறது

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், காரணங்களும் இதற்குத்தான் அதிகம். வெண்ணெய் 32 முதல் 35 டிகிரிக்குள் உருகிவிடும். மாவில் இருக்கும் முட்டையும் மைதாவும் கெட்டியாகி வடிவத்தைப் பிடித்துக்கொள்ள அதைவிட எவ்வளவோ அதிகச் சூடு வேண்டும். அந்த இடைவெளியில் குக்கி ஓடுகிறது. 20 டிகிரியில் இருக்கும் மாவு ஓவனுக்குள் போனால் உருகக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் ஓரம் இறுகிவிடும். நம் சமையலறையில் 29 டிகிரியில் கிடந்த மாவு உள்ளே போன மறுநிமிடமே இளகிவிடும்.

வேகவைத்துப் பார்த்த அந்த ஒரு குக்கியைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். மேல்பாகம் நட்சத்திரமாகவே இருந்து, அடியில் மட்டும் மெல்லிய விளிம்பு ஒன்று சுற்றிலும் வெளியே வந்திருந்தால் மாவு சூடாக இருந்திருக்கிறது, குளிரவைத்தால் சரியாகிவிடும். முழுக்க உப்பி, முனைகள் மழுங்கி, உடைத்தால் உள்ளே கேக் மாதிரி ஓட்டை ஓட்டையாக இருந்தால் காற்று அல்லது பேக்கிங் பவுடர் அதிகம். மெல்லிசாகப் பரவி ஓரம் பொரிந்து பளபளவென்று எண்ணெய் தெரிந்தால் மைதா குறைவு, அல்லது வெண்ணெய் அதிகம்.

மாவு சூடுதான் காரணம் என்றால் வெண்ணெயிலிருந்து ஆரம்பியுங்கள். "அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்" என்று ரெசிபி சொல்வது ஏறத்தாழ 18, 20 டிகிரியை. காலையில் வெளியே எடுத்து வைத்து மதியம் செய்யலாம் என்பது இங்கே ஒத்துவராது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைத்தால் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் விரலில் எண்ணெய் மினுமினுக்கக் கூடாது. மினுமினுத்தால் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். கொடைக்கானல், ஊட்டி, நுவரெலியாப் பக்கம் இருப்பவர்களுக்கு இது அப்படியே தலைகீழ், அங்கே வெண்ணெய் இளகவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும், ஒரு மணி நேரம்கூட வெளியே வைக்கலாம்.

அடுத்தது குளிரவைக்கும் முறை. மாவை உருண்டையாக உருட்டி ஃப்ரிட்ஜில் வைத்து, கல்லாக இறுகிய பிறகு அதோடு மல்லுக்கட்டித் தேய்த்து, தேய்த்து முடிப்பதற்குள் அது திரும்பச் சூடாகிவிடும் அந்த வேலையே வேண்டாம். பிசைந்தவுடனே, மாவு இளக்கமாக இருக்கும்போதே, இரண்டு பேக்கிங் பேப்பருக்கு நடுவில் வைத்து 5, 6 மில்லிமீட்டர் கனத்துக்குத் தேய்த்துவிடுங்கள். தட்டையாக அப்படியே ட்ரேயில் வைத்து ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம். பிறகு வெட்டுங்கள். வெட்டியதைத் திரும்ப ஃப்ரீசரில் 10, 15 நிமிடம் வைத்து, விறைப்பாக இருக்கும்போதே சூடான ஓவனுக்குள் தள்ளுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று தைரியமாகச் சொல்வேன்.

இதெல்லாம் செய்தும் பரவுகிறதா? ட்ரேயில் வெண்ணெய் தடவினீர்களா என்று பாருங்கள், தடவவே கூடாது, வழுக்கிக்கொண்டு ஓடும். இரண்டாவது ஈடை சூடான ட்ரேயிலேயே வைத்திருந்தால் மாவு ஓவனுக்குப் போகும் முன்பே அடியில் இளகியிருக்கும், ட்ரேயைக் குழாயடியில் காட்டி ஆறவைத்துத் துடைத்துவிட்டு வையுங்கள். பேக்கிங் பவுடர் போடும் ரெசிபி என்றால் அதை விட்டுவிட்டுச் செய்து பாருங்கள், கூர்மையான வடிவத்துக்கு அது தேவையே இல்லை. பரல் சர்க்கரை போட்டிருந்தால் அது ஓவனில் கரைந்து மாவைத் தளர்த்தும், மிக்ஸியில் பொடித்துப் போடுங்கள். கப்பில் அளந்திருந்தால் தராசுக்கு மாறுங்கள், ஒரே கப்பில் மைதாவை அழுத்தி நிரப்புவதற்கும் தூவி நிரப்புவதற்கும் 30 கிராம் வரைகூட வித்தியாசம் வரும்.

வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயைப் பயன்படுத்துகிறவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். கடையில் விற்கும் டேபிள் பட்டரில் குறைந்தது 80 சதவீதம் கொழுப்பு இருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. வீட்டு வெண்ணெயில் மோரும் தண்ணீரும் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஐஸ் தண்ணீரில் போட்டுக் கழுவி, சுத்தமான துணியில் வைத்து நன்றாகப் பிழிந்துவிட்டுப் போடுங்கள். நெய்யில் செய்வதாக இருந்தால் 150 கிராம் வெண்ணெய்க்கு 120 கிராம் நெய் போதும். சுவை அருமையாக இருக்கும், நானே விரும்பிச் செய்வேன், ஆனால் மாவு பொலபொலவென்று உதிரும், மெல்லிய முனைகள் உள்ள கட்டருக்கு ஆகாது. மணி, இதயம், வட்டம் மாதிரியான வடிவங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தேய்க்கும்போதே ஒட்டுகிறது, அல்லது விரிசல் விடுகிறது

ஒட்டினால் மைதாவை அள்ளித் தூவாதீர்கள், ஃப்ரிட்ஜில் வையுங்கள். தூவத் தூவ மாவு வறண்டு, வெந்த பிறகு கடிக்கவே முடியாமல் போகும். பேப்பருக்கு நடுவில் தேய்த்தால் தூவ வேண்டிய அவசியமே வராது. விரிசல் விட்டால் மாவு அதிகமாகக் குளிர்ந்திருக்கிறது, ஐந்து நிமிடம் வெளியே விடுங்கள். அப்போதும் விட்டால் ஒரு டீஸ்பூன் பால் சேர்த்து லேசாகக் கூட்டிச் சேருங்கள்.

அடி கருகுகிறது, நடுவில் வேகவில்லை

இது ஓவன் விஷயம். வீட்டில் இருப்பது பெரும்பாலும் ஓடிஜி, அதாவது மேலும் கீழும் கம்பி எரியும் சின்ன மின்சார ஓவன். அதன் திருகில் 180 என்று வைத்தால் உள்ளே 160 ஆகவும் இருக்கலாம், 200 ஆகவும் இருக்கலாம். ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், அழகான கட்டர்கள் பத்து வாங்குவதைவிட இது முக்கியம். அது கையில் இல்லாதபோது சர்க்கரையை வைத்துத் தோராயமாகப் பார்க்கலாம். சர்க்கரை ஏறத்தாழ 186 டிகிரியில் உருகும். அலுமினியத் தாளில் ஒரு ஸ்பூன் சர்க்கரையைப் பரப்பி, ஓவனை 175இல் நன்றாகச் சூடாக்கி, 15 நிமிடம் உள்ளே வையுங்கள். உருகிவிட்டால் உங்கள் ஓவன் திருகில் இருப்பதைவிட அதிகச் சூடு. 195 வைத்தும் உருகவில்லை என்றால் சூடு போதவில்லை.

ஓடிஜியில் மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும் எரியட்டும், ட்ரே நடுத் தட்டில் இருக்கட்டும். சூடாக்கப் பதினைந்து நிமிடமாவது விடுங்கள், கம்பி சிவந்தவுடன் உள்ளே வைத்தால் அந்த நேரடிச் சூட்டில் மேலோ கீழோ கருகும். ஓவனோடு வந்த கறுப்பு ட்ரே சூட்டை வேகமாக இழுக்கும், அதில் அடி கருகினால் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ட்ரே வைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் மட்டும் நிறம் ஏறினால் பாதி நேரத்தில் ட்ரேயைத் திருப்பி வையுங்கள். கன்வெக்ஷன் மைக்ரோவேவ் என்றால் மைக்ரோவேவ் கலந்து ஓடாமல் கன்வெக்ஷன் மட்டும் ஓடும்படி வைத்து, காற்றாடி வேகத்தைக் கணக்கில் கொண்டு 10, 15 டிகிரி குறைத்துக்கொள்ளுங்கள்.

5 மில்லிமீட்டர் கனமுள்ள குக்கிக்கு 170, 175 டிகிரியில் 9 முதல் 12 நிமிடம் ஆகும். ஓரத்தில் மட்டும் லேசாகப் பொன்னிறம் வந்தால் எடுத்துவிடலாம். நடுவில் தொட்டால் மெத்தென்று இருக்கும், அதைப் பார்த்து வேகவில்லை என்று இன்னும் ஐந்து நிமிடம் விடுவதுதான் பலரும் செய்வது. வெளியே வந்து ஆறும்போது இறுகிவிடும். சின்னதையும் பெரியதையும் ஒரே ட்ரேயில் கலந்து வைக்காதீர்கள், சின்னது கருகுவதைத் தடுக்க வழியே இல்லை.

இன்னொன்று, பேக்கிங் பேப்பர் என்று கேட்டு வாங்குங்கள். பட்டர் பேப்பர் என்று கடையில் கொடுப்பதில் சில வகை பொட்டலம் மடிக்க மட்டுமே ஆகும், ஓவன் சூட்டில் புகையும், குக்கியின் அடியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வரும்.

மேலே குமிழ், மேடு பள்ளம்

கேக்குக்கு அடிப்பதுபோல் வெண்ணெயையும் சர்க்கரையையும் பொங்கப் பொங்க அடித்திருப்பீர்கள். குக்கிக்கு இரண்டும் ஒன்று சேர்ந்தால் போதும், ஒரு நிமிட வேலை. வந்துவிட்டதைச் சரிசெய்ய, ஓவனிலிருந்து எடுத்த கையோடு மேலே பேக்கிங் பேப்பரை வைத்துத் தட்டையான கிண்ணத்தின் அடியால் மெதுவாக ஒரு அழுத்து. ஆறிய பிறகு அழுத்தினால் உடையும்.

கடித்தால் பல் வலிக்கிறது

மைதா சேர்த்த பிறகு சப்பாத்திக்குப் பிசைவதுபோல் பிசைந்திருந்தால் மைதாவில் இருக்கும் குளுட்டன் என்ற புரதம் இழுபட்டு இப்படித்தான் வரும். மைதா சேர்ந்து வெள்ளை மறைந்தவுடன் கையை எடுத்துவிடுங்கள். வெட்டியது போக மீந்த துண்டுகளைத் திரும்பத் திரும்ப உருட்டித் தேய்த்தாலும் இதே கதிதான், ஒருமுறை, மிஞ்சினால் இரண்டுமுறை, அதற்கு மேல் மீந்ததைக் குழந்தைகள் கையில் கொடுத்துவிடலாம், அவர்கள் செய்யும் பாம்பும் உருண்டையும் வெந்த பிறகு எவ்வளவு கெட்டியாக இருந்தாலும் அவர்களே தின்றுவிடுவார்கள்.

இனி ஐசிங்.

முட்டையில் செய்வதாக இருந்தால் ஒரு வெள்ளைக்கரு, அதாவது சுமார் 30 கிராம், அதற்கு 160 முதல் 180 கிராம் ஐசிங் சுகர், நாலைந்து சொட்டு எலுமிச்சைச் சாறு. இது வேகாத முட்டை என்பதை மறக்க வேண்டாம், சால்மோனெல்லா என்ற கிருமி பற்றிய பயம் இருக்கிறது. குழந்தைகள், கர்ப்பிணிகள், வயதானவர்கள் சாப்பிடப்போகிறார்கள் என்றால் பதப்படுத்திய வெள்ளைக்கருப் பொடியான மெரிங் பவுடர் வாங்கிப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் கலந்துவிடுங்கள். முட்டையே சேர்க்காதவர்களுக்கு நல்ல வழி நம் வீட்டிலேயே இருக்கிறது: உப்புப் போடாமல் வேகவைத்த கொண்டைக்கடலையின் தண்ணீர். அதை அடுப்பில் வைத்துச் சுண்டக் காய்ச்சி, ஆறிக் கொழகொழவென்று வந்ததும் வெள்ளைக்கருவுக்குப் பதிலாக அடிக்கலாம். கடலை வாசனை காய்ந்த பிறகு தெரியாது. வெறும் பாலும் ஐசிங் சுகரும் கலந்தால் வருவது வேறு வகை, பளபளப்பாக இருக்கும், ஆனால் கெட்டியாக இறுகாது, ஒன்றின்மேல் ஒன்று அடுக்க முடியாது.

ஐசிங் அடித்தும் கெட்டியாகவே ஆகவில்லை

எண்ணெய்ப் பசை. ஒரு துளி மஞ்சள்கரு விழுந்தாலும் போதும், பழைய பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத பிசுக்கும் போதும். ஸ்டீல் அல்லது கண்ணாடிப் பாத்திரத்தை எலுமிச்சைத் தோலால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள். சாக்லேட்டுக்கென்று விற்கும் எண்ணெய் கலந்த கலரைப் போட்டாலும் ஐசிங் திரிந்துவிடும், ஜெல் கலர்தான் இதற்கு.

ஓரத்தைத் தாண்டி வழிகிறது, அல்லது பரவவே மாட்டேன் என்கிறது

பதம் தெரியவில்லை, அவ்வளவுதான். ஓரம் கட்டவும் எழுத்து எழுதவும் கெட்டியான ஐசிங், உள்ளே நிரப்பத் தோசை மாவுப் பதத்தில் இளக்கமானது. நிரப்பும் பதத்தை இப்படிப் பாருங்கள்: கிண்ணத்தில் இருக்கும் ஐசிங்கின் குறுக்கே கத்தியால் ஒரு கோடு இழுத்து, ஒன்று இரண்டு என்று நிதானமாக எண்ணுங்கள். கோட்டின் இரண்டு கரையும் மெல்ல உள்ளே சரிந்து, தடம் மங்கி, மேல்பாகம் ஒரே சமமாக மூடிக்கொள்ளும். 10 முதல் 15 எண்ணுவதற்குள் மூடினால் சரியான பதம். ஐந்திலேயே மூடினால் வழியும், ஐசிங் சுகர் சேருங்கள். இருபது தாண்டியும் கோடு தெரிந்தால் தண்ணீர் சேருங்கள், ஆனால் ஸ்பூனால் ஊற்றாமல் விரலை நனைத்துச் சொட்டுச் சொட்டாக. 150 கிராம் ஐசிங்குக்கு அரை டீஸ்பூன் தண்ணீர்கூடப் பதத்தை அடியோடு மாற்றிவிடும். திரவ கலர் பயன்படுத்தினால் அதுவும் தண்ணீர்தான் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐசிங் மணிக்கணக்கில் காயவே இல்லை

மழைக்காலத்தில் இதுதான் எல்லோரையும் அழவைக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ராத்திரி ஐசிங் போட்டுவிட்டு, காலையில் தொட்டுப் பார்த்தால் விரல் உள்ளே போகிறது. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். வறண்ட ஊரில் எட்டு மணி நேரத்தில் காயும் ஐசிங், கடலோர ஊரில் மழை பெய்துகொண்டிருந்தால் ஒரு நாள் முழுக்க எடுக்கும். அதனால் முதல் தீர்வு நாள் கணக்கு: 24ஆம் தேதி கொடுக்க வேண்டிய குக்கிக்கு 22ஆம் தேதியே ஐசிங் போட்டுவிடுங்கள்.

போட்ட உடனே மேசை மின்விசிறியை இரண்டு மூன்றடி தள்ளி வைத்துக் குக்கியின் மேல் நேராகக் காற்று படும்படி விடுங்கள். முதல் அரை மணி நேரத்தில் மேலே தோல் கட்டிவிட்டால் பளபளப்பும் நன்றாக வரும். ஏசி உள்ள அறை இருந்தால் வேறு எதுவும் தேடாதீர்கள், ஏசி காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துவிடும், கதவைச் சாத்தி மின்விசிறியையும் போட்டுவிட்டால் ராத்திரிக்குள் காய்ந்துவிடும். சமையலறையில் மட்டும் வைக்காதீர்கள், ஒரு குக்கர் விசில் அடித்தால் அங்கே காற்று முழுக்க நீராவி. ஃப்ரிட்ஜிலும் வேண்டாம், வெளியே எடுத்தவுடன் வேர்த்து ஐசிங் கரையும். ஓவனில் வைத்துக் காயவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஓடிஜியில் மிகக் குறைந்த சூடுகூட வெண்ணெய் உருகும் சூட்டைவிட அதிகம், அடியிலிருந்து எண்ணெய் மேலே ஏறி ஐசிங்கில் திட்டுத் திட்டாகத் தெரியும். நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

இத்தனை செய்தும் இரண்டு நாளாகப் பிசுபிசுக்கிறது என்றால் கலவையில் கோளாறு. ஐசிங் மிருதுவாக இருக்கச் சிலர் சேர்க்கும் கிளிசரின் அதிகம், ஜெல் கலர் அதிகம், அல்லது தண்ணீர் அதிகம். போட்டுவிட்டதைக் காப்பாற்ற முடியாது, சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி.

காய்ந்த பிறகு நடுவில் குழி விழுந்திருக்கிறது

பனிமனிதனின் பொத்தான், கலைமானின் மூக்கு மாதிரிச் சின்ன இடங்களில்தான் இது வரும். சின்ன இடத்தில் நிரப்பிய இளக்கமான ஐசிங் மேலே தோல் கட்டும் முன் உள்ளே அமுங்கிவிடுகிறது. அந்த இடத்துக்கு மட்டும் கெட்டியான ஐசிங் எடுங்கள், 20 எண்ணும் பதம். நிரப்பும் முன் அடியில் கெட்டி ஐசிங்கால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு போட்டால் அது தூணாக நின்று தாங்கும். போட்டவுடன் மின்விசிறிக் காற்று படட்டும்.

சிவப்பு வெள்ளைக்குள் கசிகிறது

கிறிஸ்துமஸ் தாத்தாவின் தொப்பியிலிருக்கும் சிவப்பு வெள்ளைத் தாடிக்குள் இறங்கி இளஞ்சிவப்பாகிவிடும் இந்தக் கோளாறில் மனசே விட்டுப்போகும், ஏனென்றால் இது எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் தெரியும். அடர் நிறம் வர ஜெல்லைக் கொட்டுவதுதான் முக்கியக் காரணம். சிவப்பு, கறுப்பு, கரும்பச்சை மூன்றும் கலக்கும்போது வெளிறித் தெரியும், சில மணி நேரத்தில் தானே அடர்த்தியாகும். அதனால் முந்தின நாளே கலந்து, ஐசிங்கின் மேலேயே படும்படி கிளிங் ஃபிலிம் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளால் மூடி வைத்துவிடுங்கள். நீங்கள் விரும்பும் நிறத்துக்கு ஒரு படி முன்னாலேயே நிறுத்துங்கள். கறுப்புக்கு வெள்ளையில் ஆரம்பிக்காமல் மீந்துபோன பச்சை, நீலம், சிவப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டி அதில் கறுப்பு ஜெல் சேர்த்தால் பாதி ஜெல்லிலேயே வேலை முடியும்.

அப்புறம் வரிசை. சிவப்பைப் போட்டு, அது முழுக்கக் காய்ந்த பிறகு, அதாவது மறுநாள், வெள்ளையைக் கொஞ்சம் கெட்டியாகப் போடுங்கள். காயாமல் டப்பாவில் மூடினாலும் உள்ளே ஈரம் தங்கி நிறம் ஓடும். காய்ந்த குக்கியைச் சன்னலோரம் வெயில் படும்படி அடுக்காதீர்கள், ஊதாவும் இளஞ்சிவப்பும் சீக்கிரம் வெளுத்துவிடும்.

ஐசிங்கில் மஞ்சளாக எண்ணெய்த் திட்டு

குக்கி ஆறும் முன் போட்டிருக்கிறீர்கள், அல்லது குக்கியில் வெண்ணெய் அதிகம், அல்லது அறை ரொம்பச் சூடு. வெந்த குக்கியை டிஷ்யூ பேப்பர்மேல் ராத்திரி முழுக்க வைத்து, அது எண்ணெயை உறிஞ்சிய பிறகு ஐசிங் போடுங்கள். திட்டு வெள்ளையாக இருந்தால் அது எண்ணெய் இல்லை, ஐசிங் சீராகக் காயவில்லை, தண்ணீர் அதிகமாக ஊற்றி இளக்கிய ஐசிங்கில்தான் பெரும்பாலும் அப்படி வரும்.

ஐசிங் பிழியும் நாஸில் அடைக்கிறது, ஐசிங்கில் காற்றுக் குமிழ்

அடைப்புக்கு மிக்ஸியில் பொடித்த சர்க்கரைதான் காரணம். மாவுக்கு அது போதும், ஐசிங்குக்குக் கடை ஐசிங் சுகரே வேண்டும், அதையும் மெல்லிய சல்லடையில் சலித்தே போடுங்கள். வேலைக்கு நடுவே பைப்பிங் பேக்கின் நுனியை ஈரத்துணியில் குத்தி வையுங்கள், இல்லையென்றால் நுனியில் காய்ந்து அடைத்துக்கொள்ளும். குமிழுக்கு, பீட்டரை வேகமாக ஓட்டாதீர்கள், தண்ணீர் சேர்த்த பிறகு கரண்டியால் மெதுவாகக் கலக்கி அரை மணி நேரம் மூடி வைத்தால் குமிழ்கள் மேலே வந்துவிடும். குக்கியில் தெரிந்தால் பல் குத்தும் குச்சியால் உடனே உடைத்துவிடுங்கள். வெள்ளி மணிகள் தூவுவதும் இந்த ஈரம் இருக்கும்போதே.

நடுவில் மிட்டாய் உருக்கிய கண்ணாடிக் குக்கி பிசுபிசுக்கிறது

நடுவில் ஓட்டை வெட்டி, உடைத்த கலர் மிட்டாயைப் போட்டு உருக்கினால் சன்னல் கண்ணாடிபோல் வெளிச்சம் ஊடுருவும், மரத்தில் கட்டித் தொங்கவிட அவ்வளவு அழகு. ஆனால் கடலோர ஈரக் காற்றில் அது ஓரிரு நாளில் ஒட்ட ஆரம்பித்துவிடும், தடுக்க முழுமையான வழி கிடையாது. ஆறியவுடன் ஒவ்வொன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு ஒட்டிவிடுங்கள், கொடுக்கும் நாளன்று பிரியுங்கள். கண்ணாடி கறுத்துக் குமிழ் குமிழாக வந்திருந்தால் மிட்டாய் தீய்ந்திருக்கிறது: குக்கி முக்கால்வாசி வெந்த பிறகு மிட்டாயைப் போட்டு, உருகியவுடன் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் தொடாதீர்கள், உருகிய சர்க்கரை கையைப் பொசுக்கிவிடும்.

டப்பாவில் வைத்ததும் நமத்துப் போகிறது

சூடு ஆறாமல் மூடியிருப்பீர்கள், அல்லது ஐசிங் உள்ளே காயவில்லை. ஐசிங் போடாத குக்கி என்றால் 150 டிகிரியில் ஐந்து நிமிடம் திரும்பச் சூடாக்கி ஆறவைத்தால் மொறுமொறுப்பு வந்துவிடும். ஐசிங் போட்டதற்கு அந்த வசதி இல்லை. அதனால் வேகவைத்ததைக் காற்றுப் புகாத டப்பாவில் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்து, ஐசிங்கை மட்டும் கடைசி இரண்டு நாளில் போடுவது நம் ஊருக்குத் தோதான வழி. அச்சு முறுக்கும் கலகலாவும் இருக்கும் டப்பாவில் இதைச் சேர்த்துப் போடாதீர்கள், எண்ணெய் வாசனை ஒரே நாளில் ஏறிவிடும்.

கூரியரில் போய்ச் சேரும்போது தூள்

மெல்லிய முனையுள்ள பனித்துகள், கலைமான் கொம்பு இதெல்லாம் எப்படிக் கட்டினாலும் உடையும், ஊருக்கு அனுப்புவதற்கென்று மணி, காலுறை, வட்டம் என்று கட்டையான வடிவங்களை 7, 8 மில்லிமீட்டர் கனத்தில் தனியாகச் செய்யுங்கள். இரண்டிரண்டாக, ஐசிங் வெளிப்பக்கம் தெரிய முதுகோடு முதுகு ஒட்டி, குமிழ்த்தாளில் சுற்றி, டப்பாவில் படுக்கவைக்காமல் நிறுத்தி அடுக்குங்கள். மூடும் முன் டப்பாவைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கிப் பாருங்கள். லேசாகச் சத்தம் கேட்டாலும் இன்னும் கொஞ்சம் பேப்பரைக் கசக்கித் திணியுங்கள்.